ஊருக்குத் தெரியாமல் போதை சிகிச்சை: எது முடியும், எது ஆபத்து?

கேள்வி: தென்மாவட்டத்தில் சிறிய ஊர் எங்களுடையது. 22 வயதுத் தம்பி ஒரு வருடமாக டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். இரவில் தூக்க மாத்திரையும் எடுக்கிறான். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால் தெரிந்த முகங்கள்தான். தங்கைக்கு வேறு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில், "வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம், மூன்று மாதத்தில் ஆளை மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். போலீஸ் பயமும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த வண்டியை வரச் சொல்லாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. அதற்கு முன், வீட்டில் வைத்து மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றால் அதையும் தள்ளிவையுங்கள்.

தம்பி எடுப்பவை இரண்டு வேறு வகை மருந்துகள். டேபென்டடால், அபின், ஹெராயின் வகையைச் சேர்ந்தது. அது நின்று 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்பிசைவு, பேதி, கால்குடைச்சல், தூக்கமின்மை தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். துடிதுடிக்க வைக்கும், ஆனால் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. தூக்க மாத்திரை அப்படியல்ல. நைட்ரஸபாம், அல்பிரசோலம் போன்றவற்றைப் பல மாதம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கிப் பிதற்றலாம். குடியும் அதே வகைதான். இவற்றை மருத்துவர் அளவு போட்டுத் தர, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரும் மில்லிகிராமும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடைத்து வைத்து உடம்பைச் சுத்தப்படுத்தி அனுப்பும் முறையில் என்ன கோளாறு? நின்று போவது உடம்பின் நடுக்கம், அதாவது மேலே சொன்ன அவதிகள் மட்டும். ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பத்து மாத்திரையைத் தாங்கிய உடம்பு, சில வாரம் நிறுத்தியதும் அந்தத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்த வாரத்தில் பழைய அளவையே ஊசியில் ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவர்கள் முதல் சில வாரங்களில் இறந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் தம்பிக்குத் தேவை பத்து நாள் மறைவிடமில்லை. ஒரு வருடமாவது தொடரும் புறநோயாளி சிகிச்சை.

அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு பியூப்ரெநார்ஃபின் என்ற மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூளையில் டேபென்டடால் போய் ஒட்டும் அதே இடங்களில் இது ஒட்டிக்கொள்ளும். நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், ஆனால் அந்தக் கிறக்கம் வராது. வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டும் முன் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். சர்க்கரை நோயாளி மாத்திரை சாப்பிடுவது போலத்தான் இதுவும் என்று சொல்லுங்கள். தானாகவே சீக்கிரம் நிறுத்தச் சொல்லி நச்சரிக்கும் குடும்பங்களில்தான் பலர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள்.

முதல் நாளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் பியூப்ரெநார்ஃபின் கொடுத்தால், அது பழைய மருந்தைப் பிடுங்கித் தள்ளி நடுக்கத்தைச் சட்டென உச்சத்துக்கு ஏற்றிவிடும். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கவில்லை" என்று அன்றே ஓடிப்போவார்கள். கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழிந்து, கொட்டாவியும் மூக்கொழுகலும் தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்கி, ஓரிரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள். ஆகவே முந்தின நாள் மாலையே கடைசி ஊசி, மறுநாள் காலை மருத்துவமனை என்று திட்டமிடுங்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து முழுதாகக் கரையவிட வேண்டும், ஐந்து பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் பயனில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ இதோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும். அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

எங்கே கிடைக்கும்? சாதாரண மெடிக்கல் கடையில் கேட்டு அலையாதீர்கள். குறிப்பிட்ட மையங்கள் வழியாகத்தான் வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, மாவட்டத் தலைமை மருத்துவமனை, தமிழக அரசின் 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள், ஊசி போடுபவர்களுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்தும் போதைக்கு மாற்றாக மருந்து தரும் மையங்கள் ஆகியவற்றில் விசாரிக்க வேண்டும். 14446 போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். "பியூப்ரெநார்ஃபின் எங்கே தருகிறார்கள், தினமும் நேரில் வர வேண்டுமா, வீட்டுக்குத் தருவார்களா?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமலும் கேட்கலாம்.

ஊர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக 200 கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்றாவது வாரம் பஸ் செலவும் வேலை நாளும் இடிக்கும், சிகிச்சை அறுந்துபோகும். அடுத்த ஊர் அல்லது பக்கத்து மாவட்டத் தலைநகர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இருப்பது, சரியான தூரம். மனநலப் பிரிவுக்குத் தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும்கூட ஆட்கள் வருகிறார்கள். வரிசையில் நிற்பவரைப் பார்த்து யாரும் நோயைச் சொல்லிவிட முடியாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளையும் தனக்குள் சேர்த்திருக்கிறது. அதன்படி நோயாளி விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை.

போலீஸ் பற்றி: போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவு, தன் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்குக்கு உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். சிகிச்சைப் புத்தகம், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி அனுப்புகிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். மேஜரான ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்க, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து, தன்னைக் கவனிக்க முடியாமை போன்ற நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வலிப்பு வந்தால் என்ன ஏற்பாடு, வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். "மூன்று மாதம் பார்க்க விடமாட்டோம்" என்றால் அங்கே விட வேண்டாம்.

ஊசி போட்டவர் என்பதால் சில பரிசோதனைகள் கட்டாயம்: எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி. எச்ஐவிக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். ஹெபடைடிஸ் சி, பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. அரசே இலவசமாகத் தருகிறது. மாத்திரைத் தூளில் உள்ள கரையாத மாவு ரத்தக் குழாயை அடைக்கும், சீழ்க்கட்டி வரும். காய்ச்சல் நிற்காமல் அடித்தால் இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, தட்டி எழுப்பியும் எழவில்லையா? 108-ஐ அழையுங்கள், என்ன எடுத்தான் என்பதைச் சொல்லிவிடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறும். மருத்துவமனையில் அபின் வகை மருந்தின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் போட்டதும் விழித்துக்கொள்ளலாம். அந்த மருந்தின் வேகம் ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும் என்பதால் உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.

நடுவில் ஒருநாள் அவன் மறுபடி ஊசி போடலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பியூப்ரெநார்ஃபின் அளவு போதாமல் இருந்திருக்கலாம். அடுத்த தேதிக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள்.