நட்டு வளர்த்த காடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். போன வாரம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குக் கூட்டிப் போனாள். சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள், நடுவே ஏரி, பாறை, ஓடை, காடு. ஊர் வளர்ந்தபோதும் இந்த நிலத்தில் மட்டும் கை வைக்காமல் விட்டுவைத்திருக்கிறார்களே, அந்த அறிவு நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டே நடந்தோம். வழி தவறி வெகுநேரம் சுற்றினோம். இந்தப் பூங்காவின் வரலாற்றை எழுதுங்கள். மறுபடி போனால் எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தவற்றில் மனிதக் கை படாமல் அங்கேயே இருந்தது என்றால் அந்தக் கரும்பாறைகளைத்தான் சொல்ல வேண்டும். அவற்றிலும் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார்கள். ஏரி, சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கியது. மண் போதாமல் நியூ ஜெர்சியிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டினார்கள். மரமும் செடியுமாக 2,70,000-க்கும் மேல் நட்டார்கள். ரேம்பிள் என்ற அடர்ந்த பகுதியில் கற்களுக்கிடையே ஒரு சிற்றோடை சலசலத்து ஓடும், பார்த்திருப்பீர்கள். அதில் வருவது நகரத்தின் குழாய்த் தண்ணீர். திருகைத் திறந்தால் ஓடும், மூடினால் நின்றுவிடும்.

இதைச் சொல்வதால் அந்தப் பூங்காவின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. எனக்கு அதன் மேல் மரியாதை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

1811-இல் மன்ஹாட்டன் தீவுக்குத் தெருக்கள் குறித்தபோது இவ்வளவு பெரிய பூங்காவுக்கு இடமே விடவில்லை. ஊர் நெருக்கியடிக்கத் தொடங்கிய பின், 1853-இல் மாநில சட்டமன்றம் நிலம் எடுக்க அனுமதித்தது. வடிவமைப்புக்குப் போட்டி வைத்தார்கள். வந்த 33 திட்டங்களில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் சேர்ந்து வரைந்தது 1858-இல் வென்றது. இன்று பூங்காவின் பரப்பு 843 ஏக்கர்.

அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் கவனிக்காமலே கடந்துபோன ஒன்று. பூங்காவைக் குறுக்கே வெட்டி நான்கு சாலைகள் போக வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. இவர்கள் அந்த நான்கையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலே பாலம் போட்டு, பாலத்தின் ஓரங்களைச் செடியால் மறைத்துவிட்டார்கள். மோட்டார் வண்டி பிறக்காத காலத்தில் யோசித்தது இது. இன்று டாக்ஸியும் பஸ்ஸும் காலுக்குக் கீழே ஓடுகின்றன, மேலே நடப்பவருக்கு அது உறைப்பதேயில்லை.

சரி, ‘விட்டுவைத்தார்கள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். அது வெற்று நிலமாக இருக்கவில்லை. அங்கிருந்து சுமார் 1,600 பேரை வெளியேற்றினார்கள். மேற்குப் பக்கம், 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் நடுவில், செனெகா வில்லேஜ் என்று ஓர் ஊரே இருந்தது. 1825-இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். நியூயார்க்கில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1827-இல்தான், அதற்கும் இரண்டு வருடம் முன்பே இது. அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். 1855 வாக்கில் ஏறக்குறைய 225 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், மீதிப் பேரில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், இடுகாடுகள்.

கறுப்பின ஆணுக்கு வாக்குரிமை வேண்டுமென்றால் 250 டாலர் பெறுமான சொத்து இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். வெள்ளையருக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதனால் செனெகா வில்லேஜில் ஒருவர் வாங்கிய மனையும் வீடும் அந்த மதிப்பை எட்டினால் அதுவே அவருக்கு வாக்குச்சீட்டாகவும் ஆனது. பூங்கா வேண்டும் என்று எழுதிய பத்திரிகைகளோ இந்த ஊரைக் குடிசைக் கும்பல், அழுக்குப் பிடித்த இடம் என்றன. வில்லியம்ஸ் தன் வீட்டுக்கும் மனைகளுக்கும் 3,500 டாலர் கேட்டார், 2,335 கிடைத்தது. 1857-க்குள் எல்லோரையும் காலி செய்துவிட்டார்கள். அவர்கள் வேறெங்கும் ஓர் ஊராகச் சேர்ந்து வாழ்ந்ததாகத் தடயமில்லை. 2011-இல் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டினார்கள். ஒரு வீட்டின் அடித்தளம், இரும்புக் கெட்டில், பீங்கான் துண்டுகள், ஒரு குழந்தையின் தோல் காலணி எல்லாம் வெளிவந்தன. பீங்கானில் சாப்பிட்ட வீட்டைத்தான் குடிசைக் கும்பல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பூங்கா வந்திருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கோடிக்கணக்கானவர்களுக்கு அது மூச்சுக்காற்று. ஆனால் அந்தக் காற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு யாரும் பேசவில்லையே.

பெதஸ்தா நீரூற்றைப் பார்த்திருப்பீர்கள், எல்லோரும் படம் எடுக்கும் இடம். யோவான் சுவிசேஷத்தில் தேவதூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்க, நோயாளி சொஸ்தமாகும் குளம் வருகிறதே, அதுதான் கரு. நியூயார்க்கில் 1832-இல் காலராவுக்கு 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1842-இல் குரோட்டன் ஆற்றிலிருந்து 66 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் ஊர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது. அந்த நன்றிக்கு எழுந்த சிலை இது. செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ், திறந்தது 1873-இல். அந்த நகரத்தில் இப்படியொரு பெரிய பொதுச் சிற்பப் பணி ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. தேவதையின் இடது கையில் லில்லி மலர் இருக்கிறது. அடுத்த முறை நின்று பாருங்கள்.

ஷீப் மெடோ புல்வெளியில் 1934 வரை நிஜமாகவே ஆடுகள் மேய்ந்தன. பொருளாதாரம் படுத்த முப்பதுகளின் தொடக்கத்தில், தண்ணீர் வற்றவிட்ட பழைய நீர்த்தேக்கத்துக்குள் வேலையிழந்தவர்கள் தகரமும் பலகையுமாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். இன்று அந்த இடம் கிரேட் லான் என்ற பெரிய புல்வெளி.

நமக்கு ஏன் அந்த அறிவு இல்லை என்று கேட்டீர்கள். 1970-களில் அந்த ஊருக்கும் இருக்கவில்லை. நகராட்சியிடம் பணம் இல்லை, புல்வெளி மண்மேடானது, சிலைகளைச் சிதைத்தார்கள், இருட்டினால் உள்ளே போகப் பயந்தார்கள். 1980-இல் குடிமக்களும் கொடையாளர்களும் சேர்ந்து சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் இன்றும் நகரத்துடையதுதான், பராமரிப்புச் செலவில் பெரும்பங்கை இந்த அமைப்பு திரட்டுகிறது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் புல் பச்சையாக இருக்கிறதென்றால் யாரோ தினமும் அதைக் கவனிக்கிறார் என்று அர்த்தம். நம்மூரில் திறப்பு விழாவுக்கு இருக்கும் பணமும் அக்கறையும் தோட்டக்காரர் சம்பளத்துக்கு இருப்பதில்லை.

அப்புறம், வழி தவறியது பற்றி. அங்குள்ள விளக்குக் கம்பங்களின் கீழ்ப்பகுதியில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்திலுள்ள தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பாதியில் இருக்கிறீர்கள், ஒற்றைப்படை என்றால் மேற்கு.

இன்னொரு முறை போனால் செனெகா வில்லேஜ் இருந்த பக்கம் போய்வாருங்கள். பென் ஸ்டேஷனில் இறங்கி ‘சி’ என்ற சுரங்க ரயிலைப் பிடித்தால் 86-ஆம் தெருவில் இறங்கலாம். 85-ஆம் தெரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் அந்த ஊரைப் பற்றிய தகவல் பலகைகள் வரிசையாக வரும். தெற்கே கொஞ்சம் நடந்தால் சம்மிட் ராக் என்ற பாறை மேடு. அதன் அடியில் டானர்ஸ் ஸ்பிரிங் என்று சின்னதாக ஓர் இயற்கை ஊற்று. செனெகா வில்லேஜ் மக்கள் இதில்தான் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். நீங்கள் தேடிய கை படாத தண்ணீர் அதுதான். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.