தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாள் நீட்டிய கதை

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். திருச்சியில் பொறியியல் முடித்து, மூன்று வருடம் ஐடியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிங்கப்பூரின் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியில் முதுகலைக்கு இடம் வாங்கியிருக்கிறீர்கள். "ஆராய்ச்சிப் பாடங்களைச் சமாளிக்கப் புள்ளியியலும், அதற்கான ஆர் (R) என்ற மென்பொருளும் போதுமா அக்கா? படித்து முடித்தால் அங்கேயே வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. வேறு இடத்தில் படித்தேன், படித்தது இதே மாதிரிப் படிப்புதான். இப்போது கள ஆய்வு வேலை.

ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் ரிக்ரெஷன் உங்களுக்கு ஒரு பருவத்தில் வந்துவிடும். உங்களைப் போல எஞ்சினியரிங் படித்து வந்தவர்கள் யாரும் அதில் தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. விழுவதெல்லாம் அதற்கு முன்னால், கேள்வியை எழுதும் இடத்தில். படிக்கும்போது நான் விழுந்ததைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவது, ஓய்வு நாள், இது இரண்டும்தான் எங்கள் குழுவின் தலைப்பு. மூன்று பேரில் நான் ஒருத்திதான் தமிழ். "தமிழ்தானே, நீயே பார்த்துக்கொள்" என்று கேள்வித்தாளைத் தமிழாக்குவதை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆங்கிலப் படிவத்தில் 'ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர்' என்று இருந்தது. யோசிக்காமல் 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?' என்று எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாளில் ஊழியர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று நாற்பது படிவங்களுக்கு மேல் நிரப்பினோம். திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்தால் தலை சுற்றியது. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஊரில் இருக்கும் அம்மா, மனைவி, பிள்ளைகள், தங்கை எல்லோரையும் சேர்த்து ஏழு என்றிருந்தார். இன்னொருவர் தங்குவிடுதி அறையில் கூட இருப்பவர்களை எண்ணிப் பன்னிரண்டு என்றார். மூன்றாமவர், "இங்கே நான் மட்டும்தானே" என்று ஒன்று போட்டிருந்தார். மூன்றும் சரியான பதில்கள். தப்பு கேள்வியில் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹவுஸ்ஹோல்ட் என்றால் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, சாப்பாடு போன்ற ஏற்பாடுகளைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். நம்முடைய 'குடும்பம்' கடல் தாண்டியும் நீளும். அந்தக் கட்டத்துக்குச் சராசரி போட்டால் எண் வரும், அர்த்தம் வராது.

அதோடு முடியவில்லை. 'வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கிறதா?' என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஆமாம் என்றிருந்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று குதித்தோம். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓய்வு கிடைக்காதவர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் என்ன செய்யப்போகிறார்?" காது சூடாகிவிட்டது. 'செலெக்‌ஷன் பயாஸ்' என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்ததுதான்: யாரிடம் கேட்கிறோம் என்பதே பதிலை ஒரு பக்கம் சாய்த்துவிடுவது. தேக்கா மார்க்கெட் வாசலில் கண்ணெதிரே நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

கேள்வியைத் திருத்தினால் போதாதா என்று நினைப்பீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு (எல்லோரும் ஐஆர்பி என்பார்கள்) ஒப்புக்கொண்ட கேள்வித்தாளை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. திருத்தத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு முன்னால் எடுத்த தரவைப் பயன்படுத்தவும் கூடாது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே, தமிழ்ப் படிவத்தை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் தெரிந்தவர்கள் நான்கைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள்.

கொள்கைக்கான ஆராய்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், 2019இல் உங்கள் பள்ளியின் ஆய்வாளர் இங் கோக் ஹோ தலைமையில் வந்த குறைந்தபட்ச வருமான ஆய்வைக் காட்டுவேன். தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும் என்றது அது. எனக்கு எண்ணைவிட வழிமுறைதான் பிடித்தது. முதியவர்களையே குழுக்களாக உட்கார வைத்து, எது தேவை, எது ஆடம்பரம் என்று பொருள் பொருளாக விவாதித்து அவர்களையே முடிவெடுக்க விட்டார்கள். 2021இல் குடும்பங்களுக்கான அடுத்த அறிக்கை வந்தபோது, இது அடிப்படைத் தேவையைக் காட்டவில்லை, மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறது என்ற ரீதியில் நிதி அமைச்சு பதில் சொன்னது. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு வாருங்கள். 'தேவை' என்ற ஒரு சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்பதில்தான் சண்டையே. அந்தச் சண்டையில் ஆர் மென்பொருள் உங்களுக்குத் துணைக்கு வராது.

உங்கள் படிப்பில் ஓர் உண்மையான நிறுவனத்துக்காகக் கொள்கைப் பகுப்பாய்வு செய்து கொடுக்கும் வேலை இருக்கும். அங்கே ஒரு விஷயம்: அவர்கள் கேட்கிற கேள்வியும் அவர்களுக்கு வேண்டிய பதிலும் பல நேரம் வேறு வேறு. "இத்திட்டத்தைப் பற்றி ஏன் யாருக்கும் தெரியவில்லை?" என்று கேட்பார்கள். போய் விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், படிவம்தான் நிரப்ப முடியாததாக இருக்கும். அதை மனம் நோகாமல் இரண்டு பக்கத்தில் எழுதப் பழகுங்கள். எண்பது பக்க அறிக்கையை முழுசாகப் படித்த அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, வேலை. இனிப்பாகச் சொல்ல மாட்டேன். அமைச்சு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். நமக்கு மிச்சம் பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்ந்தது, வயது கூடினால் இன்னும் கூடும். ஆய்வு உதவியாளர் சம்பளம் அதற்குக் கீழே இருப்பது சகஜம். அதோடு 2023 செப்டம்பர் முதல் அந்த அனுமதிக்குத் தகுதி பார்க்கக் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கும் உண்டு. கடன் வாங்கிப் படிப்பதானால் ஊருக்குத் திரும்பினாலும் அடைக்க முடியுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

படிக்கும்போதே கை கொடுக்கக்கூடியது உங்கள் தமிழ். உங்கள் பல்கலைக்கழகத்தில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பருவம் நடக்கும்போது வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் மாதமே பேராசிரியர்களுக்கு எழுதி, தமிழில் நேர்காணல் எடுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். ஊழியர்கள், முதியவர்கள் பற்றிய ஆய்வென்றால் பெரும்பாலும் வேண்டியிருக்கும். உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா டவுன்டவுன் ரயிலில் மூன்றே நிறுத்தம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடாதீர்கள், மற்ற நாட்களிலும் போங்கள்.