உறுமுகிற நாய் வீட்டுத் தலைமைக்கு ஆசைப்படுகிறதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் கோம்பை நாய் இருக்கிறது. சில மாதங்களாக, அது சாப்பிடும்போது என் கணவர் தட்டின் அருகே போனால் உறுமுகிறது. ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். "நாய் என்பது ஓநாய்தான். உங்கள் வீட்டின் தலைமையைப் பிடிக்கப் பார்க்கிறது. மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடியுங்கள், கண்ணைப் பார்த்து முறையுங்கள், பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துவிடுங்கள், நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்கு வையுங்கள்" என்றார். கணவர் அப்படியே செய்தார். உறுமல் நின்றுவிட்டது. ஆனால் சென்ற வாரம் எந்தச் சத்தமும் இல்லாமல் அவர் கையைக் கவ்வி, பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. ஏழு வயது மகள் இருக்கும் வீடு என்பதால் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். ஓநாய் ரத்தம் என்பது உண்மையா? நாங்கள் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: நாயைப் பற்றிப் பேசும் முன்பு உங்கள் கணவரின் கையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ரத்தம் வந்த கடி என்றால், கடித்தது வீட்டு நாயாக இருந்தாலும், அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு இன்றே அழைத்துச் செல்லுங்கள். ரேபிஸ் விஷயத்தில் தாமதமாகிவிட்டதே என்று தயங்கி இருந்துவிடக் கூடாது.

இனி, உறுமல் நின்றதை நீங்கள் பயிற்சியின் வெற்றியாக நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் வீட்டில் நடந்த மிக ஆபத்தான மாற்றம் அதுதான். "இன்னும் கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல நாயிடம் இருக்கும் நாகரிகமான வழி உறுமல். உறுமும் ஒவ்வொரு முறையும் மல்லாக்கத் தள்ளி அழுத்தியதால் அது கற்றுக்கொண்டது, எச்சரித்தால் அடி விழும் என்பதை மட்டுமே. தட்டை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்ற பயம் குறையவில்லை, நீங்கள் தினமும் பிடுங்கிக் காட்டியதால் உறுதியும் பட்டுவிட்டது. எச்சரிக்கும் வழி அடைபட்ட நிலையில் நேராகக் கடிப்பது ஒன்றே அதற்கு மிச்சமிருந்தது.

பயிற்சியாளர் சொன்ன ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் அதைத் தாமாகக் கட்டிவிடவில்லை, ஒரு காலத்தில் அறிவியலாகவே இருந்த ஒன்றைத்தான் சொல்கிறார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சி சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், அவை ஓயாமல் சண்டையிட்டு மேல் கீழ் என்று வரிசை அமைத்துக்கொள்வதையும், அந்த வரிசையின் உச்சியில் ஆணும் பெண்ணுமாக ஓர் இணை இருப்பதையும் 1947இல் எழுதினார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் வெளியிட்ட நூலும் இந்தக் கருத்தை ஏற்று உலகெங்கும் பரப்பியது. நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கூண்டில் இருந்தவை ஒரு குடும்பத்து ஓநாய்கள் அல்ல. பல இடங்களிலிருந்து கொண்டுவந்து, தப்பிப் போக வழியில்லாத இடத்தில் ஒன்றாக அடைக்கப்பட்டவை. சிறையில் கைதிகள் போடும் சண்டையைப் பார்த்துவிட்டு, மனிதர்கள் வீட்டிலும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முடிவு.

இதைத் திருத்தியவரும் அதே மீச்தான். கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் காட்டு ஓநாய்களின் பக்கத்திலேயே இருந்து கவனித்த அவர், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளுமே என்று 1999இல் விளக்கினார். அங்கே தலைமை என்பது சண்டையில் வென்று பெறும் பதவி அல்ல, பெற்றோராக இருப்பதால் வரும் பொறுப்பு. வளர்ந்த பிள்ளைகள் அப்பனை வீழ்த்திவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பதில்லை. துணை தேடித் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன. மல்லாக்கத் தள்ளுவதிலும் ஒரு தவறான புரிதல் உண்டு. ஓநாய்களிடையே பணிந்து போவது தானாகவே புரண்டு படுத்து வயிற்றைக் காட்டுமே ஒழிய, எதுவும் அதைப் பிடித்துத் தள்ளுவதில்லை. பிடித்துப் புரட்டி அழுத்தினால், உயிருக்கே ஆபத்து என்றுதான் எந்த விலங்கும் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் ஓநாயைப் பற்றியது. உங்கள் வீட்டில் இருப்பது நாய். ஓநாய் ரத்தம் என்பதில் பாதிதான் உண்மை. நாய்கள் பழங்காலச் சாம்பல்நிற ஓநாய்களிலிருந்து வந்தவை என்றாலும், அந்த மூதாதைக் கூட்டம் இன்று இல்லை. இன்றைய ஓநாய்கள் நாய்க்குப் பாட்டன் முறை ஆகாது, பங்காளி முறைதான் ஆகும். பிரிந்து போன பிறகு நாய் நம்மோடு வாழ்ந்தே மாறிவிட்டது. சோற்றின் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிடப் பெரும்பாலான நாய்களுக்கு மிக அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதைவிட உங்களுக்குத் தேவையானது ஹங்கேரி ஆய்வாளர்கள் 2003இல் செய்த ஒரு சோதனை. குட்டியிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும், முதலில் திறக்க முடிந்த ஒரு தீனிப் பெட்டியைப் பிறகு திறக்கவே முடியாதபடி பூட்டிக் கொடுத்தார்கள். ஓநாய்கள் விடாமல் போராடின. நாய்களோ சற்று முயன்றுவிட்டுத் திரும்பி, உடனிருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தன. நெருக்கடியில் நம் முகத்தைத் தேடும் பிராணியிடம், அதே முகத்தைக் கொண்டு முறைத்து மிரட்டச் சொல்வது என்ன பயிற்சியோ எனக்குப் புரியவில்லை.

மிரட்டலின் விளைவும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறுகளுக்காக நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மல்லாக்க அழுத்தியவர்களில் 31 சதவீதத்தினரும், முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதத்தினரும், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரும் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் நடந்தது அபூர்வமான ஒன்றல்ல.

எனவே மல்லாக்கத் தள்ளுவதையும் முறைப்பதையும் தட்டைத் தொடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். யார் முதலில் சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் வசதி. நாய் அதிலிருந்து அரசியல் கற்றுக்கொள்ளாது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் தட்டை வைத்து, அது சாப்பிட்டு முடித்து நகரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு வாரம் அமைதியாகப் போன பிறகு, உங்கள் கணவரே (நீங்கள் அல்ல, அது பயப்படுவது அவருக்குத்தான்) சற்றுத் தொலைவில் வந்து நின்று, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டின் பக்கம் போட்டுவிட்டு உடனே திரும்பிப் போகட்டும். எந்தத் தூரத்தில் நாய் உடலை விறைக்காமலும் அவசர அவசரமாக விழுங்காமலும் சாப்பிடுகிறதோ அந்தத் தூரத்தில்தான் தொடங்க வேண்டும். பல நாட்களில் ஓரடி, பிறகு இன்னோர் அடி என்று நெருங்கலாம். விறைத்தால் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள். அவர் வந்தால் தட்டில் இருப்பது குறையாது, கூடும் என்பதை நாய் தன் அனுபவத்தில் அறிய வேண்டும். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு தர மறுத்தாலும் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் மீண்டும் உறுமினால் மகிழ்ச்சியடையுங்கள், கண்டிக்காதீர்கள். எச்சரிக்கை திரும்பி வந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கு முன்பாகவே ஒரு கால்நடை மருத்துவரிடம் பல், காது, மூட்டு எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். முன்பெல்லாம் உறுமாத நாய் சில மாதங்களாக உறுமத் தொடங்கியதற்கு வலியும் ஒரு காரணமாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலும் நாயைச் சிடுசிடுப்பாக்கும்.

மாமியாரின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மகளையும் நாயையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்; நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள், சொல்லிக் கொடுத்தாயிற்று என்று நம்பி விட்டுவிடாமல் நடுவில் கதவையும் சாத்துங்கள். இப்போதே கொடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் கடித்த கதையை மறைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து, சொன்னால் அந்த நாயை வாங்க ஆள் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று மாதம் இந்த முறையில் நடந்து பாருங்கள். அதன் பிறகும் கடிக்க வந்தால், அடிக்காமல் பழக்கும் வேறொரு பயிற்சியாளரைக் கால்நடை மருத்துவர் வழியாகத் தேடுங்கள். முதல் சந்திப்பிலேயே அவரிடம், "நாய் உறுமினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அடக்குவேன் என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.