இண்டக்ஷன் அடுப்பில் பழைய சட்டிகள் உதவுமா?

வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டுக்கு ஓவனுடன் சேர்ந்த பெரிய இண்டக்ஷன் அடுப்பு வாங்கிவிட்டு, பழைய சட்டிகள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டியின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுக ஒட்டினால் உதவும். அடுப்பின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் எழும் காந்தப்புலம் சட்டியின் அடியையே சூடாக்குகிறது. அதனால் காந்தம் ஒட்டாத மண்சட்டியும் சாதாரண அலுமினியத் தாச்சியும் சூடேறாது. மண்சட்டி மீன்குழம்பை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். இரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும்.

இதைவிட முக்கியமானது மின்னிணைப்பு. 230 வோல்ட்டில் 13 அம்பியர் பிளக் ஏறத்தாழ 3 கிலோவாட்தான் தாங்கும். அடுப்பும் ஓவனும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். தயவுசெய்து தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு தனி இணைப்புப் போடுங்கள்.

ஓவனில் விசிறியைப் போட்டால், செய்முறையில் சொன்ன வெப்பத்தில் 20 பாகை செல்சியஸ் குறையுங்கள். ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் லவ் கேக்கிற்கு மட்டும் விசிறி வேண்டாம்; மேலிருந்தும் கீழிருந்தும் வரும் மெல்லிய வெப்பமே நல்லது.