அப்பீல் போகலாமா? மலைப்பக்கக் கேள்விகளுக்கு வக்கீல் பதில்

கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பு வந்தபிறகு என்ன செய்வது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படுவதை எடுத்துக்கொண்டேன். முதலில் ஒன்று: ஹைகோர்ட் வரை போனால் நீலகிரி வழக்குகளுக்குச் சென்னை, கொடைக்கானல் வழக்குகளுக்கு மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அந்தக் கிளை தொடங்கியதிலிருந்து இப்படித்தான்.

கேள்வி (குன்னூர், சிறு தேயிலை விவசாயி): பசுந்தேயிலைப் பணத்துக்கு வாங்கிய செக் திரும்பிவிட்டது. கேஸ் போட்டேன், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிரியை விடுதலை செய்துவிட்டார்கள். அப்பீலுக்குச் சென்னைதான் போகவேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு நான் எங்கே போக, சார்?

பதில்: போகவேண்டாம். முன்பு நிலைமை அப்படித்தான் இருந்தது. தனிப்புகார் வழக்கில் (போலீஸ் இல்லாமல் நீங்களே கோர்ட்டில் போட்டதில்) விடுதலை என்றால் ஹைகோர்ட்டில் சிறப்பு அனுமதி கேட்டு, அது கிடைத்தபிறகுதான் அப்பீல். 2025இல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அதுவும் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன ஒரு செக் வழக்கில்தான். செக் திரும்பியதால் பணத்தை இழந்தவரும் ‘பாதிக்கப்பட்டவர்’தான், அனுமதி எதுவும் வாங்காமலே அப்பீல் செய்யலாம் என்று தீர்ப்பு. அதாவது உங்கள் வழக்கு உதகை செஷன்ஸ் கோர்ட்டிலேயே நடக்கும். மலைக்காரர்களுக்குச் சமீபத்தில் கிடைத்த நல்ல தீர்ப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு.

ஆனால் அதற்குமுன் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். ஏன் விடுதலை? செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நீங்கள் நோட்டீஸ் அனுப்பியிருக்கவேண்டும். 31ஆம் நாள் தபாலில் சேர்த்திருந்தால் எந்தக் கோர்ட்டும் உங்களைக் காப்பாற்றாது. கையெழுத்தை ஒப்புக்கொண்டும், ‘கடன் இருந்ததை நிரூபிக்கவில்லை’ என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தால் கதையே வேறு. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால் கடனுக்காகக் கொடுத்த செக் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது எதிரி. இலை எடை போட்ட சீட்டுகள் ஃபைலில் இருந்தால் இன்னும் நல்லது. அப்படியானால் தைரியமாகப் போகலாம்.

கேள்வி (குன்னூர், இன்னொருவர்): எனக்கு நேர்மாறு. ஜெயித்துவிட்டேன், எதிரி அப்பீல் போட்டுவிட்டான். பணம் வருமா?

பதில்: அபராதத்திலோ இழப்பீட்டிலோ குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளில் கட்டு என்று அப்பீல் கோர்ட் உத்தரவிடலாம். 2018 திருத்தத்தில் வந்த பிரிவு இது. உங்கள் வக்கீல் மனுப் போட்டுக் கேட்கவேண்டும்.

கேள்வி (மன்னவனூர்): தம்பிக்குக் கொடைக்கானல் கோர்ட்டில் மூணு வருஷம் போட்டுவிட்டார்கள். அப்பீல் போனால் தண்டனை கூடிவிடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதுவும் உங்கள் பக்கத்துக் காடு சம்பந்தப்பட்டது. 2001இல் டைகர் சோலையில் கிடைத்த உடல், சரவண பவன் ராஜகோபால் வழக்கு. கீழ்க்கோர்ட் 2004இல் கொடுத்தது பத்தாண்டு. 2009இல் சென்னை ஹைகோர்ட் அதைக் கொலைக் குற்றமாக்கி ஆயுள் தண்டனை விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊரில் ஞாபகம் வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் குற்றவாளி மட்டும் அப்பீல் போயிருக்கிறார், அரசோ புகார்தாரரோ பாதிக்கப்பட்டவரோ போகவில்லை என்றால் தண்டனையைக் கூட்டமுடியாது. மதுரைக் கிளை ஒரு வழக்கில் தானாகவே சீராய்வு (கீழ்க்கோர்ட் தீர்ப்பை மறுபடி பார்ப்பது) எடுத்து, கீழ்க்கோர்ட் விடுவித்த தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்கும் தண்டனை கொடுத்தது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்பீல் போனதாலேயே ஒருவன் முன்பைவிட மோசமான நிலைக்கு வரக்கூடாது என்பதுதான் அதன் சாரம். எதிர்த்தரப்பு அப்பீல் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் 60 நாளுக்குள் ஹைகோர்ட். தம்பி ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர், தண்டனையும் மூன்று வருடத்துக்கு மேற்படவில்லை. அதனால் அப்பீல் போடும்வரை தண்டனை கொடுத்த கோர்ட்டே ஜாமீனில் விடலாம். தீர்ப்பு வாசித்த அன்றைக்கே கேட்கவேண்டிய மனு அது. கேட்டீர்களா?

கேள்வி (கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர்): தோட்டத்துக்குப் போகும் பாதைத் தகராறு. முன்சீஃப் கோர்ட்டில் தோற்றோம், சப் கோர்ட்டிலும் தோற்றோம். இப்போது தாத்தா பெட்டியில் ஒரு பழைய பத்திரம் கிடைத்திருக்கிறது. செகண்ட் அப்பீலில் காட்டினால் ஜெயித்துவிடலாம் அல்லவா?

பதில்: அம்மா, மனதைத் தேற்றிக்கொண்டு படியுங்கள். செகண்ட் அப்பீல் என்பது மூன்றாவது தடவை விசாரணை இல்லை. பாதை இருந்ததா, எத்தனை அடி, யார் வேலி போட்டது என்பதெல்லாம் சப் கோர்ட்டோடு முடிந்தது. ஹைகோர்ட் முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இல்லையென்றால் வாசலிலேயே தள்ளுபடி. முக்கியமான சாட்சியத்தைக் கீழ்க்கோர்ட் கண்டுகொள்ளவே இல்லை, பத்திரத்தின் வாசகத்துக்குச் சட்டப்படி தவறான பொருள் கொண்டது என்பது போன்றவை நிற்கும். ‘கமிஷனர் (இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பிய வக்கீல்) ரிப்போர்ட் எங்களுக்கு விரோதமாக இருக்கிறது’ என்பது நிற்காது.

புதுப் பத்திரத்துக்கும் கதவு குறுகல். எவ்வளவு முயன்றும் முன்பு கிடைக்கவில்லை என்று நிரூபிக்கவேண்டும். சொந்தத் தாத்தாவின் பெட்டியில் இருந்ததை ஏன் தேடவில்லை என்பதுதான் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி. உங்கள் வக்கீல் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஃபீஸ் கொடுங்கள்.

அப்பீல் போட்டதே ஸ்டே (தீர்ப்பை நிறுத்திவைக்கும் உத்தரவு) ஆகிவிடாது. ஸ்டே தனியாக வாங்கவேண்டும், இல்லையென்றால் எதிராளி டிகிரியை (தீர்ப்பின்படியான கோர்ட் ஆணையை) நிறைவேற்றிக்கொண்டே போகலாம். செகண்ட் அப்பீலுக்குக் கெடு 90 நாள்.

கேள்வி (மஞ்சூர்): மழையில் ரோடு துண்டித்துவிட்டது, 30 நாள் தாண்டிவிட்டது.

பதில்: தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடுங்கள். உண்மையான காரணத்துக்குக் கோர்ட் பெரும்பாலும் இரங்கும். சாலை மூடியிருந்த நாட்களுக்கு நாளிதழ்ச் செய்தியையாவது இணையுங்கள். தீர்ப்பின் சான்று நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களும் கணக்கில் கழியும். ஆனால் கெடு முடிந்தபிறகு நகலுக்குப் போட்டால் கழிக்க ஒன்றும் இருக்காது.

கேள்வி (உதகை): மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் தீர்ப்பும் அப்பீல் தீர்ப்புதானே?

பதில்: இல்லை, ஹைகோர்ட் நேரடியாக எடுத்த வழக்கு. 2024 ஏப்ரலில் ஹைகோர்ட் உத்தரவிட்டு, மே 7இலிருந்து இ-பாஸ் கட்டாயமானது, 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள்.

கேள்வி (கூடலூர்): எங்கள் ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற பரம்பரை நிலவுரிமை) நில வழக்குகளால் எங்களுக்கு அலைச்சல்தான். வேறு யாருக்காவது பயன் உண்டா?

பதில்: நாட்டுக்கே உண்டு! 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு முழுச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் போட்டது; அதில் சேர்த்த சட்டத்தைக் கோர்ட் தொடமுடியாது என்பது எண்ணம். அந்தச் சண்டை ஒன்பது நீதிபதிகள் வரை போய், 2007 ஜனவரி 11இல் முடிவானது: 1973 ஏப்ரல் 24க்குப்பின் அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் கோர்ட் ஆராயலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வழக்கு அது. உங்கள் பட்டா அதனால் வந்துவிட்டதா என்றால், இல்லை.

கேள்வி (இருளர் குடியிருப்பு ஒன்றிலிருந்து): வக்கீல் வைக்கக் காசு இல்லை.

பதில்: பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, அப்பீலுக்கும்தான். மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள். போகும்போது தீர்ப்பு நகலும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.