கொடுக்காத மருந்தை ஏன் சோதித்தார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு. தொடையில் வந்த கட்டிக்கு அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை ஐந்து நாள் கொடுத்தோம், வீக்கம் குறையவில்லை. சீழ் எடுத்துக் கல்ச்சர் பார்த்ததில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், எம்.ஆர்.எஸ்.ஏ என்று வந்திருக்கிறது. 'செஃபாக்சிட்டின் ஸ்கிரீன் பாசிட்டிவ்' என்று எழுதி, பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை எல்லாவற்றுக்கும் நேரே 'ஆர்', அதாவது பலிக்காது என்று, போட்டிருக்கிறார்கள். செஃபாக்சிட்டின் அம்மாவுக்குக் கொடுக்கவே இல்லையே, அதை ஏன் சோதித்தார்கள்? அந்த ஒன்று பலிக்காவிட்டால் மற்றவையும் எப்படிப் பலிக்காமல் போகும்? அதே மாத்திரையை இன்னொரு வேளை கூட்டிக் கொடுத்தால் கேட்காதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்காது. அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்குதான் வரும், கட்டி அப்படியே இருக்கும். அதற்கான காரணமும் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடையும் ஒரே நொதிக்குள் இருக்கின்றன.

பாக்டீரியாவின் செல்லுக்குள் அழுத்தம் மிக அதிகம். ஸ்டஃபைலோகாக்கஸில் அது சுமார் 20 வளிமண்டலம் என்று கணக்கிடுகிறார்கள். சுற்றிலும் உறுதியான சுவர் இல்லாவிட்டால் அது வெடித்துப் போகும். அந்தச் சுவரைக் கயிற்றுக் கட்டிலின் பின்னல் போல எண்ணிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓடும் கயிறுகள் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆனவை. ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் சிறிய அமினோ அமில வால்கள் தொங்கும். பக்கத்துக் கயிறுகளின் வால்களை ஒன்றோடொன்று முடிந்துவிட்டால் பின்னல் இறுகும்; முடியாமல் விட்டால் கயிறுகள் வெறுமனே தொங்கும், செல் தாங்காது.

கயிறு திரிப்பதும் முடிச்சுப் போடுவதும் தனித்தனி வேலைகள். ஸ்டஃபைலோகாக்கஸில் பி.பி.பி.2 (பெனிசிலின் ஒட்டும் புரதம் 2) என்ற நொதி இரண்டையும் செய்யும். அதன் அமைப்பைப் பார்த்தாலே வேலை புரியும். ஒரு சிறு வேர் செல் சவ்வுக்குள் ஊன்றியிருக்கும். சவ்வை ஒட்டினாற்போல் இருக்கும் பகுதி, சவ்விலிருந்து வரும் சர்க்கரைத் துண்டுகளை வாங்கிக் கயிறாகத் திரிக்கும். அதற்கு மேலே, சுவரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முடிச்சுப் போடும். திரித்த கயிறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்திலேயே முடிச்சுக்காரனும் நிற்கிறான்.

முடிச்சுப் பகுதியில் ஒரு நீளமான பள்ளம் உண்டு. அதன் அடியில் செரின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் காத்திருக்கும். வாலின் நுனியில் இரண்டு டி-அலனின்கள் இருக்கும். செரின் அவற்றில் கடைசியை அறுத்துத் தள்ளிவிட்டு, மீதி வாலைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த கயிற்றின் வால் வந்ததும் அதை அங்கே கொடுத்துவிட்டுத் தான் விடுபடும். முடிச்சு விழுந்துவிட்டது, நொதி அடுத்த வேலைக்குத் தயார்.

பெனிசிலினின் வடிவம் அந்த இரட்டை டி-அலனினைப் போலவே இருக்கிறது. டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1965-இல் இதைச் சொன்னார்கள். செரின் ஏமாந்து பெனிசிலினைப் பிடிக்கும். மருந்தின் நாற்கோண வளையம் உடைந்து செரினோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இங்கே அறுந்து விழ வேண்டிய பாதி விழுவதில்லை, பள்ளத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அடுத்த வால் உள்ளே வர வழியில்லை. அந்த நொதி அதோடு முடங்கியது. செஃபலோஸ்போரின்களும் இதே வளையத்தை வைத்து இதே இடத்தைத்தான் அடைக்கின்றன. பெயரும் விலையும் வேறு. அடைக்கும் இடம் ஒன்று. உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரிசை முழுக்க 'ஆர்' விழுந்ததற்கு இதுதான் அடிப்படை.

கிருமி தப்பிக்கப் பழைய வழி ஒன்று உண்டு: வளையத்தை உடைத்து மருந்தை வீணாக்கும் நொதியை வெளியே அனுப்புவது. உங்கள் மாத்திரையில் சேர்த்திருக்கும் கிளாவுலனிக் அமிலம் அந்த நொதியைக் கட்டிப்போடத்தான். கட்டிக்கு முதலில் அந்த மாத்திரையைக் கொடுத்ததில் தவறில்லை. அம்மாவின் கிருமி அந்த வழியை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது கல்ச்சர் வந்த பிறகே தெரியும்.

எம்.ஆர்.எஸ்.ஏ என்றால் மெத்திசிலினுக்குப் பணியாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதனிடம் வேறொரு மரபணு இருக்கிறது, பெயர் மெக்-ஏ. அது பி.பி.பி.2ஏ என்ற இன்னொரு முடிச்சு நொதியைச் செய்யும். பெனிசிலின் வகையைச் சேர்ந்த மெத்திசிலின் மருந்து 1959-இல் வந்தது. 1961-லேயே இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கிருமியைக் கண்டுவிட்டார்கள். பி.பி.பி.2ஏ-வின் முப்பரிமாண அமைப்பு 2002-இல் வெளிவந்தபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. செரின் இதிலும் உண்டு, வரிசையில் 403-ஆவது இடத்தில். ஆனால் பள்ளத்தின் வாய் குறுகி, உள்சுவர் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மருந்து நுழைந்தாலும் செரின் அதைத் தொடுவதற்குச் சரியான கோணத்தில் இல்லை. மருந்து ஒட்டவே ஒட்டாது என்றில்லை. அது ஒட்டி முடிப்பதற்குள் கிருமி பலமுறை பெருகிவிடும். ரத்தத்தில் எட்டக்கூடிய அளவு மருந்தால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. ஒரு வேளை கூட்டினால் போதாதா என்ற கேள்விக்கு இதுதான் விடை. கிளாவுலனிக் அமிலத்துக்கும் இங்கே வேலை இல்லை, ஏனென்றால் மருந்து உடையாமல் காத்தாலும் அது இந்தப் பள்ளத்தில் ஒட்டாது.

வாய் மூடியிருந்தால் அந்த நொதி தன் சொந்த வேலையை எப்படிச் செய்கிறது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பள்ளத்திலிருந்து சுமார் 6 நானோமீட்டர் தள்ளி, நொதியின் உடம்பில் வேறொரு குழி இருக்கிறது. 2013-இல் அதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். புதிதாகத் திரித்த கயிறு அந்தக் குழியில் வந்து அமர்ந்தால், அசைவு உடம்பு முழுவதும் பரவிப் பள்ளத்தின் வாய் திறக்கும். கயிறு தயாராக இருக்கும்போது மட்டும் திறக்கும் கதவு அது. பி.பி.பி.2ஏ-வால் கயிறு திரிக்க முடியாது. அதனால் பெனிசிலின் ஒட்டி முடிச்சுப் பகுதி முடங்கிப் போன பழைய பி.பி.பி.2-இன் திரிக்கும் பகுதி தொடர்ந்து கயிறு திரித்துத் தர, இது முடிச்சுப் போடுகிறது. 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்டரோலின் அந்தத் தூரத்துக் குழியிலும் உட்காரும். ஒரு மூலக்கூறு கதவைத் திறக்க, இன்னொன்று உள்ளே போய்ச் செரினைப் பிடிக்கும். செஃபலோஸ்போரின் குடும்பத்தில் இதைப் போன்ற ஓரிரு மருந்துகள் மட்டும் விதிவிலக்கு. அவை ஊசி மருந்துகள். சாதாரணக் கட்டிக்கு எடுப்பதில்லை.

இனி செஃபாக்சிட்டின். அதை மருந்தாக நினைத்துச் சோதிக்கவில்லை, மெக்-ஏ இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவியாகத்தான் சோதித்தார்கள். சில கிருமிகளில் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். வேறு மருந்து தோய்த்த காகித வில்லையை வைத்தால் கட்டுப்படுவது போலக் காட்டும். செஃபாக்சிட்டின் அதை நன்றாகத் தூண்டி வெளியே கொண்டுவரும். 30 மைக்ரோகிராம் வில்லையைக் கிருமி பூசிய தட்டில் வைத்து ஓர் இரவு விடுவார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் அது எம்.ஆர்.எஸ்.ஏ. அப்படி வந்தால் மற்றப் பெனிசிலின், செஃபலோஸ்போரின்களுக்குத் தனித்தனியாகச் சோதிக்காமலே 'ஆர்' எழுதுவதுதான் முறை. ஆய்வகம் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின், லினிசோலிட் என்ற பெயர்கள் இருக்கும். இவை முடிச்சு நொதியின் பக்கமே போவதில்லை; வேறு இடங்களில் தாக்குகின்றன. இவற்றில் எது என்பதை அம்மாவின் சிறுநீரகம், அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். 'எஸ்' (கிருமி கட்டுப்படும்) என்று போட்டதில் ஒன்றை நீங்களே மருந்துக்கடையில் வாங்க வேண்டாம். கிளிண்டாமைசின் 'எஸ்', எரித்ரோமைசின் 'ஆர்' என்று இருந்தால், கிளிண்டாமைசினுக்கு மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் 'டி-டெஸ்ட்' பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

சீழ் முழுவதும் வெளியேறியதா என்பது மாத்திரையைவிட முக்கியம். சீழ்க்கட்டிக்குள் எந்த மருந்தும் சரியாகப் போகாது. ஊசியால் கொஞ்சம் எடுத்தது சோதனைக்குத்தான். கீறி வடிக்க வேண்டுமா என்று அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். சர்க்கரையைத் தினமும் பாருங்கள். புண் ஆறும்வரை அம்மாவின் துண்டை வேறு யாரும் எடுக்க வேண்டாம்.

பலரும் குழம்பும் ஓர் இடம் இன்னும் இருக்கிறது. 'ஆர்' என்றால் அம்மாவுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று பொருளில்லை. அது இந்தக் கட்டியில் இருந்த கிருமியின் குணம். நாளை வேறொரு கிருமியால் தொற்று வந்தால் அமாக்சிசிலின் நன்றாகவே வேலை செய்யலாம். அதனால் மருத்துவமனையில் ஒவ்வாமை பற்றிக் கேட்டால் 'பெனிசிலின் சேராது' என்று சொல்லிவிடாதீர்கள். தேதி போட்ட இந்த ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்து அப்படியே காட்டுங்கள்.