ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளியிலேயே எப்படிப் பழுதுபார்த்தார்கள்?

ஹப்பிளைக் கழற்றிச் சரிசெய்யும்படியேதான் வடிவமைத்தார்கள். விண்வெளி வீரர்களை ஏற்றிச்சென்ற விண்கலத்தின் இயந்திரக் கை அதைப் பிடித்து நிறுத்தும். வீரர்கள் வெளியே வந்து பெட்டி பெட்டியாகக் கருவிகளை மாற்றுவார்கள். 1993 முதல் 2009 வரை ஐந்து முறை போனார்கள்.

ஆனால் 2004-இல் செயலிழந்த நிறமாலைக் கருவியை (ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் கருவி) அங்கேயே திறந்து பார்ப்பார்கள் என்று யாரும் திட்டமிடவில்லை. அதன் மூடியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் திருகுகள்! ஒன்று மிதந்து உள்ளே போனாலும் ஆபத்து. அதனால் அவற்றைப் பிடித்துவைக்கத் தனித் தகடே செய்தார்கள். அதைப் பொருத்துவதற்கு முன் ஒரு கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதன் திருகு ஒன்று வழுக்கிச் சுழன்றது. தரையிலிருந்த பொறியாளர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகு, விண்வெளி வீரர் மைக் மாசிமினோ அந்தக் கைப்பிடியைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். அப்புறம்தான் திருகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கருவி மறுபடி உயிர்பெற்றது.